விழுந்த கோடு

தங்கப்பழம் அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் வானொலி நிலையத்தில் ஒலிபரப்புக் கருவிகளைக் கட்டிக் காத்துவிட்டு ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பாளையங்கோட்டையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார். குரு ஜமீலாவுக்கு வயது முப்பத்தாறு. இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

அங்கே காயில் செய்வார்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுத்திருப்பவரின் உடம்பு மிக மெல்லிய ரேடியோ அலையாக முணுமுணுக்கும். அதைக் கேட்கிற செம்புக் கம்பி வளையம்தான் காயில். அது சரியாகக் கேட்டால்தான் படம் கிடைக்கும். கடையில் கிடைக்கும் காயில் பொருந்தாத உடம்புகளுக்கு இவர்கள் தனியாகச் செய்து கொடுப்பார்கள்.

சேர்ந்த அன்றே அண்ணாச்சி கேட்டார்.

“நல்ல காயில்னு எதைச் சொல்லுவீங்க மேடம்?”

“ஒண்ணு செஞ்சுட்டு வந்து கேளுங்க அண்ணாச்சி.”

செய்ய வேண்டியது பேச்சித்தாய்க்கு. பீடி சுற்றுகிறவர். முதுகெலும்பு இறுகி, தாடை நெஞ்சைத் தொடுமளவுக்குக் கழுத்து வளைந்துவிட்டது. வழக்கமான கழுத்துக் காயில் ஒரு கெட்டியான கூடு. அதற்குள் அவர் கழுத்து நுழையாது. விரல்கள் மரத்துக்கொண்டே வந்தன. இலையைப் பிடித்தால் நழுவியது. படம் இல்லாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி இரண்டு மாதம் சோறு தண்ணி பார்க்காமல் உழைத்தார். வளைந்த கழுத்துக்கேற்ற ஓடு, உள்ளே தடித்த மெத்தை, ஓட்டில் கம்பி வளையம், அதை மூடிச் செம்புத் தகட்டுக் கவசம். கம்பியின் அதிர்வைக் கோடாகக் காட்டும் மீட்டரில் மாட்டியதும் திரையில் கோடு ஊசி மாதிரி நிமிர்ந்து நின்றது.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த அறை, மாடி, வாசல் காவலாளி என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டுக் காட்டினார். யார் கிட்ட வந்தாலும் கோடு அசையாது என்று சவால் வேறு விட்டார். ஜமீலா மட்டும் வரவில்லை.

பாதுகாப்புச் சோதனைகள் முடிந்து பேச்சித்தாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து எடுத்தார்கள். படம் முழுக்க மணலை வாரி இறைத்த மாதிரி புள்ளி. எலும்பு எது, நரம்பு எது என்று யாருக்கும் தெரியவில்லை.

பேச்சித்தாய் எழுந்து உட்கார்ந்தார்.

“நான் ஆடிட்டேனா சார்?”

அண்ணாச்சி காயிலைக் கழற்றி மறுபடி மீட்டரில் மாட்டினார். நேரே ஜமீலாவிடம் போனார்.

“மெஷின்லதான் கோளாறு மேடம். என் காயில்ல ஒரு குறை கிடையாது. நீங்களே வந்து பாருங்க.”

ஜமீலா வந்தார். அண்ணாச்சியின் காயிலுக்குள் தன் கையை வைத்தார். கோடு அசையவில்லை.

“பாத்தீங்களா! மயிரிழை நகரல!”

“ஆமா, நகரல.”

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய தலையணை உறையை எடுத்தார். அதில் ஒரு கம்பி வளையம் கோணல்மாணலாகத் தைக்கப்பட்டிருந்தது. அதை மீட்டரில் மாட்டினார். கோடு நிமிர்ந்தது. உறையைத் தன் முழங்கையில் சுற்றினார். கோடு சரிந்து படுத்துவிட்டது.

அண்ணாச்சி பதறினார்.

“எங்க ஸ்டேஷன்ல இப்படி விழுந்தா மெமோ குடுப்பாங்க மேடம்!”

“உங்க ஸ்டேஷன் ஊருக்கெல்லாம் பேசும் அண்ணாச்சி. இது பேச வந்ததில்லையே.”

அண்ணாச்சி தன் காயிலைப் பார்த்தார். மெத்தையையும் கவசத்தையும் தொட்டுப் பார்த்தார். இரண்டையும் பேச்சித்தாய்க்கும் கம்பிக்கும் நடுவில் வைத்தது அவரேதான். உடம்பைக் கேட்காத காயிலில்தான் கோடு அசையாமல் நிற்கும்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி பேச்சித்தாய் வீட்டுக்குப் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். அந்த அம்மாள் வலி தாங்காமல் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்தில் போட்டுக்கொண்டார். துண்டு பிடரியோடு ஒட்டிப் படிந்தது. எங்கும் ஒரு விரல்கடை இடைவெளி இல்லை.

“இந்தத் துண்டைத் தருவீங்களாம்மா?”

“இது பழசு சார், கிழிஞ்சு கிடக்கு.”

“இதுதாம்மா வேணும்.”

பதினொரு நாள். மெல்லிய இழைக் கம்பியை அந்தத் துண்டில் அவரே ஊசி நூல் கொண்டு தைத்தார். விரலெல்லாம் குத்து. பார்த்தவர்கள் அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு என்று சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

சோதனைகள் மறுபடி முடிந்து துண்டு பேச்சித்தாயின் கழுத்தில் ஏறியது. மீட்டரில் கோடு சடசடவென்று சரிந்தது. அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார்.

படம் வந்தது. எலும்புகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தன. நடுவில் நரம்பு நசுங்கிய இடமும் தெரிந்தது. டாக்டர் அங்கேயே அறுவைக்கு நாள் குறித்தார்.

“இந்தத் தடவை நான் ஆடலதானே சார்?”

“போன தடவையும் நீங்க ஆடலம்மா. தப்பு என் காயில்லதான்.” அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை.

அண்ணாச்சி ஜமீலாவின் அறைக்கு ஓட்டமாக ஓடினார். நெஞ்சு கொள்ளாத பெருமையில் மூச்சு வாங்கியது.

“மேடம்! கோடு விழுந்துட்டு!”

“எவ்வளவு?”

“தரைமட்டம்!”

ஜமீலா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“போய் எல்லாரையும் கூப்பிடுங்க அண்ணாச்சி. இந்தத் தடவை நானும் வாரேன்.”