ஆணி குளித்த நாள்

செங்கோடருக்கு வயது அறுபது. அவருடைய குருவுக்கு அதில் பாதிதான் இருக்கும்.

அரண்மனை வாசலில் காவல் நின்றே ஆயுளைக் கழித்த மனிதர் செங்கோடர். யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். அவர் தலையில் மிளகாய் அரைக்காதவர்கள் அந்த ஊரில் குறைவு. ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆற்றங்கரை மடத்துக்கு வந்து உமையாளின் காலில் விழுந்தார்.

"தாயே, முடியாதுன்னு சொல்ல எனக்குக் கத்துக்கொடுங்க."

உமையாள் ஓடக்காரர் குடும்பத்தில் பிறந்து துறவு பூண்டவர். மடத்தின் தொண்டும் ஓடம் விடுவதுதான். அவர் ஓடக்கோலை எடுத்துச் செங்கோடர் கையில் கொடுத்தார். ஓடத்தின் விலாப் பலகையில் அறைந்திருந்த தடித்த செம்பு ஆணியைக் காட்டினார்.

நீர் அந்த ஆணியைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது. கடைசியாக ஏறியவர் எவரானாலும் இறங்கிவிட வேண்டும். ஆணி குளித்தால் ஆள் ஏறாது என்பது அந்தத் துறையின் பழைய வழக்கு. முடியாது என்று சொல்லும் வேலையை ஆணியே பார்த்துக்கொண்டதால் செங்கோடருக்கு நிம்மதியாகப் போயிற்று.

ஆடி மாதம் ஆறு பெருகியது. அக்கரையில் பாளையக்காரர் வீட்டுக் கல்யாணம். அவருடைய மணியக்காரர் அரிசி மூட்டைகளோடும் பித்தளை அண்டாக்களோடும் துறைக்கு வந்து இறங்கினார். எல்லாம் ஒரே நடையில் போயாக வேண்டுமாம், முகூர்த்தத்துக்கு நேரமாகிறதாம். ஓடத்தில் அதற்கு முன்பே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தையை அக்கரை வைத்தியரிடம் கொண்டுபோக வந்தவள். மூட்டைகள் அவளை ஒரு மூலைக்குத் தள்ளின.

ஆணி நனைந்தது. செங்கோடர் ஆணியைக் காட்டினார். மணியக்காரர் சிரித்தார்.

"ஆணிதானே தடை? அதைப் பிடுங்கி மேலே அடிய்யா."

"ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார் செங்கோடர். பழக்க தோஷம், வேறென்ன சொல்ல. குறட்டால் ஆணியைப் பிடுங்கினார். துளை வழியே தண்ணீர் பீறிட்டது. கந்தைத் துணியைச் சுருட்டி அதை அடைத்தார். ஒரு சாண் மேலே ஆணியை அறைந்தார். பார்த்தால் ஆணி நனையவே இல்லை. இப்போது இடம் இருக்கிறதே என்று மணியக்காரர் இன்னும் சில மூட்டைகளை ஏற்றி, அவற்றின் மேல் தாமும் ஏறி உட்கார்ந்தார்.

அந்நேரம் உமையாள் வந்தார். ஆணியைப் பார்த்தார்.

"யாருய்யா இதை உயர்த்தினது?"

"நான்தான் தாயே."

"ஆத்துக்கிட்ட சொல்லிட்டீங்களா?"

உமையாள் குழந்தைக்காரியைக் கைகொடுத்துக் கரையில் இறக்கினார். பிறகு அந்த மூலையில் தாமே ஏறி, சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"தள்ளுங்க அய்யா" என்றார்.

"அம்மாவே சொல்லிட்டாங்க. தள்ளுய்யா" என்றார் மணியக்காரர்.

செங்கோடர் ஓடத்தைப் பார்த்தார். நடு ஆற்றில் சுழி நுரைத்துக்கொண்டிருந்தது. குருவுக்கு நீந்தத் தெரியும். ஆனால் இந்த வெள்ளத்தில் தெரிந்தும் பயனில்லை. குரு சொல்லைத் தட்டினால் பாவம், தட்டாவிட்டால் குருவே இல்லை. அறுபது வருஷமாக வராத சொல் அன்றைக்கு வந்தது.

"முடியாது" என்றார்.

சொல்லிப் பார்த்ததும் அவருக்கே அது பிடித்துவிட்டது போலும். குரல் ஒரு படி ஏறியது.

"கடைசியா ஏறினது நீங்கதான் தாயே. இறங்குங்க."

உமையாள் உடனே எழுந்து இறங்கினார், சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையைப் போல. செங்கோடர் மூட்டைகளின் பக்கம் திரும்பினார்.

"அவங்களுக்கு முன்னாடி ஏறினது நீங்க."

மணியக்காரர் ஆணியைக் காட்டி, அது நனையவில்லையே என்றார். செங்கோடர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, துளையில் இருந்த கந்தையை உருவினார். ஆற்றுத் தண்ணீர் சீறிப் பாய்ந்து மணியக்காரரின் பட்டு வேட்டியை நனைத்தது. அவர் துள்ளிக் கரைக்குக் குதித்தார். செங்கோடர் கட்டைவிரலால் துளையை அடைத்துக்கொண்டு நின்றார்.

"பாளையக்காரர் உத்தரவு இது, தெரியுமில்ல?" என்று மணியக்காரர் கத்தினார்.

"உத்தரவுக்குக் கனம் கிடையாது. எத்தனை வேணும்னாலும் ஏத்திக்கலாம்" என்றார் உமையாள். "மூட்டையை இறக்குங்க."

"நாளைக்கு இந்தத் துறையே உங்களுக்கு இருக்காது."

அதற்குச் செங்கோடர்தான் பதில் சொன்னார்.

"நாளைக்குத்தானே. இன்னைக்கு இறக்குங்க."

இறக்கினார்கள். துளையை அடைத்ததும் முதல் நடையில் குழந்தைக்காரி போனாள். மூட்டைகள் பிறகு நடை நடையாகப் போயின. மணியக்காரர் கடைசி நடையில் முறைத்துக்கொண்டே போனார்.

பொழுது சாயும் நேரத்தில் ஓடத்தைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். செங்கோடர் ஆணியைப் பழைய துளையில் வைத்து அறைந்தார். நாளைக்கு ஆள்படை வரலாம், ஓடத்தைக்கூடக் கொளுத்தலாம். அது தெரிந்தும் அவருக்குப் பயமாக இல்லை. மனசு எதற்கோ வலித்தது. சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அறுபது வருஷம் யார் எதைக் கொண்டுவந்தாலும் என்மேல ஏத்திக்கிட்டேன். எனக்கும் ஒரு ஆணி இருந்திருக்கணுமே தாயே. அது எங்கே போச்சு?"

உமையாள் சுத்தியலை எடுத்து மறுபடியும் அவர் கையில் கொடுத்தார்.

"பிடுங்கினவரைத்தான் கேக்கணும்."