வைடூரியத்தின் மாதச் சாப்பாடு

முன்னே ஒரு காலம். எந்த நாடு, எந்த ஊர் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. அங்கே ஓர் அரசர் இருந்தார். அவருக்கு நாய்கள் என்றால் உயிர். வேட்டைக்குப் போகும் நாய், மடியில் உட்காரும் நாய், எதுவும் செய்யாமல் படுத்தே கிடக்கும் நாய் என்று அரண்மனை முழுக்க நாய்கள். ஒருநாள் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. தனக்குக் கிடைக்கும் இந்தச் சந்தோஷம் தனக்குப் பிடித்தவர்களுக்கும் கிடைக்க வேண்டாமா என்று நினைத்தார். அரசர்களுக்கு இப்படி நல்ல எண்ணம் வரும்போதெல்லாம் எங்கோ ஓர் ஏழைக்கு வயிறு கலங்கும். இந்த முறை கலங்கியது அரண்மனை விகடன் இருளப்பனுக்கு.

இருளப்பன் வாயைத் திறந்தால் அரசர் சிரிப்பார். அவனுடைய சொத்து அது ஒன்றுதான். குடியிருந்த வீடுகூட அரண்மனை கொடுத்தது. களஞ்சியத் தலைவர் தாண்டவராயருக்கு அவனைக் கண்டால் ஆகாது. அவர் மாங்குமாங்கென்று நெல் கணக்குச் சொல்லும்போது அரசர் கொட்டாவி விடுவார். இருளப்பன் வந்து நின்றாலே நிமிர்ந்து உட்காருவார். யாருக்குத்தான் எரியாது?

"மன்னா, தங்கள் செல்லம் வைடூரியத்தை இருளப்பனுக்கே அளியுங்கள். அவனைவிடத் தங்களுக்குப் பிடித்தவர் யார்?" என்றார் தாண்டவராயர்.

அரசர் மகிழ்ந்துபோனார். கன்றுக்குட்டி உயரத்தில் இருந்த அந்த நாயின் காதைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "இருளப்பா, நானே உன் வீட்டுக்கு வந்திருப்பதாக எண்ணிக்கொள். எனக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்."

"அப்படியானால் மன்னா, இது அரண்மனையில் சாப்பிட்டுப் பழகியதைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. பௌர்ணமியன்று பார்வையிடுவோம். விலா எலும்பு தெரிந்தால் தங்களையே பட்டினி போட்டதாக அர்த்தம். அப்போது இவனுக்குப் பதவியும் கிடையாது, வீடும் கிடையாது" என்று பக்குவமாகச் சேர்த்தார் தாண்டவராயர்.

நாயின் காதிலேயே கண்ணாக இருந்த அரசர் தலையை ஆட்டிவிட்டார்.

"சாப்பாட்டுச் செலவு...?" என்று மெல்லக் கேட்டான் இருளப்பன்.

"மன்னரை உபசரிக்கக் கூலி கேட்கிறாயா?" என்றார் தாண்டவராயர். சபை சிரித்தது. இருளப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டில் அவன் மனைவி வெள்ளையம்மா புளியங்கொட்டைகளைத் தரையில் குவித்துக் கணக்குப் போட்டாள்.

"இது உங்க ஒரு மாசச் சம்பளம். காலையில பாலும் சோறும், எடுத்தாச்சு. மத்தியானம் ஆட்டு ஈரல், எடுத்தாச்சு. ராத்திரிக்கு நெய்ச் சோறு. வெள்ளிக்கிழமைன்னா கோழி." ஒவ்வொன்றுக்கும் ஒரு கை அள்ளி ஒதுக்கினாள். கடைசியில் தரையில் இரண்டு கொட்டைகள் மிஞ்சின. "இது நமக்கு. உங்களுக்கு, எனக்கு, ரெண்டு பொண்ணுங்களுக்கு."

இருளப்பன் அந்த இரண்டு கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செலவைக் குறைக்கவும் வழியில்லை. தாண்டவராயரின் ஆள் ஒருவன் வேளாவேளைக்கு வந்து நாயின் தட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். முதல் வாரத்தில் பித்தளை அண்டா அடகுக் கடைக்குப் போனது. அடுத்து வெள்ளையம்மாவின் தோடு போனது. வைடூரியம் பாவம், வாலை ஆட்டிக்கொண்டு எல்லாரோடும் பிரியமாகத்தான் இருந்தது. அதன் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. ஒருநாள் அது ஈரல் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த சின்ன மகள், "அப்பா, நாளைக்கு நான் நாயா இருக்கட்டுமா?" என்று கேட்டாள். இருளப்பன் எழுந்து வெளியே போய்விட்டான்.

திரும்பி வந்தபோது வெள்ளையம்மா காலிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "நெசமான ராசா வந்தாக்கூட ஒரு நாள் தின்னுட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிருவாரு. இந்த ராசா நகர மாட்டேங்குறாரே" என்றாள்.

இருளப்பன் அப்படியே நின்றான். அவள் சொன்னது உண்மை. அந்த நாட்டில் அரசர் பவனி கிளம்பினால் ஒரு வீட்டில் ஒரு நாள்தான் சாப்பிடுவார். மறுநாள் வேறொரு பிரபுவின் வீடு. ஒரே வீட்டில் இரண்டாம் நாளும் இலை போட்டால் மற்றவர்களுக்கு அவமானம் என்பது வழக்கம்.

"அடியே, தலை தப்பினா புண்ணியம்" என்றான்.

"என்னங்க செய்யப் போறீங்க?" என்றாள் அவள் பயந்துபோய். அவனும் பயந்துபோய்த்தான் இருந்தான். அதனால் சொல்லவில்லை.

மறுநாள் காலை வைடூரியத்துக்குப் பட்டுத் துணி போர்த்தி, ஓலைக்குடை பிடித்து, ஒரு மேளக்காரனையும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு, நேராகத் தாண்டவராயர் மாளிகைக்குப் போனான். தெருவே கூடிவிட்டது. இருளப்பன் குரலை உயர்த்திச் சொன்னான்: "அரசர் எழுந்தருளியிருக்கிறார்! அவர் வாக்குப்படி இவரை அவராகவே எண்ண வேண்டும். நேற்றுவரை என் வீட்டில் தங்கியதே முறைகேடு. இன்று ஐயா வீட்டில்தான் முதல் விருந்து."

தாண்டவராயருக்கு முகம் வெளுத்தது. விரட்டினால் அரசர் வாக்கை விரட்டியதாக ஊர் பேசும். பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்தார். அரசர் விருந்து என்றால் அரைகுறையாகச் செய்ய முடியுமா? அதற்கடுத்த நாள் சேனாதிபதி வீடு. அவர் தாண்டவராயரைவிட ஒரு படி மேலே போனார். அதற்கடுத்தவர் பாதாம் அரைத்து ஊற்றினார். இப்படி வீட்டுக்கு வீடு போட்டி ஏறிக்கொண்டே போக, வைடூரியம் நடக்க முடியாமல் நடந்தது. இருளப்பன் வீட்டில் மறுபடியும் அடுப்பு எரிந்தது. ஆனால் வாசலில் யார் நடந்தாலும் காவலாளோ என்று அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பௌர்ணமியன்று காவலாள் வந்தே விட்டான். வெள்ளையம்மா கணவன் நெற்றியில் திருநீறு பூசினாள். விலா எலும்பு ஒன்றுகூடத் தெரியாத வைடூரியத்தைக் கூட்டிக்கொண்டு அவன் சபைக்குக் கிளம்பினான்.

சபையில் தாண்டவராயர் பொங்கினார்: "மன்னா! இவன் ஒரு நாய்க்குக் குடை பிடித்து, அரசர் என்று தெருத்தெருவாகக் கூவினான். இது ராஜ துரோகம். இவன் தலையை வாங்க வேண்டும்!"

அரசரின் முகம் கறுத்தது. "உண்மையா, இருளப்பா?"

"உண்மை, மன்னா" என்றான். "நானே வந்திருப்பதாக எண்ணிக்கொள் என்று தாங்கள் கட்டளையிட்டீர்கள். அதை மாற்ற எனக்குத் துணிவில்லை. அரசர் ஒரே வீட்டில் தங்கினால் பெரியவர்களுக்கு அவமானம். அவர்களை அவமதிக்கவும் துணிவில்லை."

அரசர் சிரிக்கவில்லை. இருளப்பன் அந்த முகத்தில் எத்தனையோ முறை சிரிப்பைத் தேடியிருக்கிறான். கிடைக்காமல் போனது அன்றுதான். தன் இரண்டு பெண்களை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

தாண்டவராயர் அந்த நேரம் சும்மா இருந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் கைப்பணம் போன எரிச்சல் அவரைச் சும்மா விடவில்லை.

"மன்னா, அந்த ஒரு நாளில் எனக்கு ஆன செலவு தெரியுமா? இரண்டு ஆடு! ஒரு குடம் நெய்! கோழி எத்தனை என்று சமையல்காரனுக்கே தெரியாது. அநியாயம்! இப்படிக் கொட்டி அழுதால் எந்தக் குடும்பம் தாங்கும்?"

இருளப்பன் கண்ணைத் திறந்தான். "ஐயா, அன்று தங்கள் வீட்டில் விருந்துண்டது யார்?"

தாண்டவராயர் வாயைத் திறந்தார். நாய் என்று சொன்னால் அரசர் வாக்கை மதிக்காதவர் ஆவார். அரசர் என்று சொன்னால் அரசருக்குச் சோறு போட்டதற்கு அழுதவர் ஆவார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

"சொல்லுங்கள் தாண்டவராயரே, எனக்கும் தெரிய வேண்டும்" என்றார் அரசர். "களஞ்சியத்தையே கையில் வைத்திருக்கும் உமக்கு ஒரு நாள் செலவு தாங்கவில்லை. அதை மாதம் முழுக்க இவன் தலையில் கட்டினீர். செலவு கேட்டவன் வாயையும் அடைத்தீர். அடைத்ததும் நீர்தான், அழுவதும் நீர்தான்!"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அரசருக்கு வயிறு குலுங்கியது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு சபையே அதிரும்படி சிரித்தார். தாண்டவராயர் சம்பளத்திலிருந்து ஒரு பை பொன் எடுத்து இருளப்பனுக்குக் கொடுக்க உத்தரவிட்டார்.

"பொன்னை வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்கு இல்லை, மன்னா" என்று பையை வாங்கிக்கொண்டான் இருளப்பன். "ஆனால் அதைவிடப் பெரிய பரிசு ஒன்று இருக்கிறது. இது நாய் என்று தங்கள் திருவாயால் ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள்."

அரசருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நாய்தானப்பா! சத்தியமாக நாய்தான்!"

அன்று மத்தியானம் வெள்ளையம்மா பயந்துகொண்டே ஒரு சட்டியில் கேழ்வரகுக் கூழ் ஊற்றி, மேலே ஒரு துண்டு கருவாட்டைப் போட்டு, வைடூரியத்தின் முன்னால் வைத்தாள். அது முகர்ந்து பார்த்தது. அப்புறம் தலையே தூக்கவில்லை. சட்டி சுவரில் போய் முட்டும்வரை நக்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அவளைப் பார்த்தது.

"அடப்பாவி, இதைத் தின்பியா நீ? மொத நாளே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றாள் வெள்ளையம்மா. ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் அழுகையாக வந்தது. அழுதுகொண்டே அகப்பையை எடுத்து இன்னும் கொஞ்சம் கூழ் ஊற்றினாள்.