பந்தி வரைக்கும் போன கிடார்

திண்டுக்கல் கல்யாண மண்டபம் ஒன்றில் மெல்லிசைக் கச்சேரி. குழுத் தலைவர் எட்வின்ராஜின் கிடார் போட்ட சத்தத்தில், பாடகர் வாயசைப்பது மட்டும்தான் தெரிந்தது. சத்தம் குறையாவிட்டால் மேடையைக் காலி செய்யும்படி பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார்.

எட்வின்ராஜ் மைக்செட் தெய்வானையைக் கூப்பிட்டார்.

"வால்யூமைக் குறைச்சா கிடார் போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி மங்கிடுது. சத்தம் குறையணும், டோன் மாறக் கூடாது. கிடார்லயும் ஸ்பீக்கர் பெட்டியிலயும் எந்தத் திருகையும் தொடாதே. கிடாருக்குள்ளே நானே போட்ட வயரிங், அதையும் திறக்காதே."

"சரிங்கண்ணே," என்ற தெய்வானை, அவருடைய ஸ்பீக்கர் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கரண்ட் வயரை நீட்டிக்கொண்டே தள்ளினாள். கிடார் வயர் இழுக்க, அவரும் வாசித்தபடியே பின்னால் போனார். மேடையைத் தாண்டி, பந்தியைத் தாண்டி, பாத்திரம் கழுவுகிற இடத்தில் வண்டி நின்றது.

"மேடையில இப்ப சத்தம் அளவாத்தான் கேக்கும்ணே. டோன் மாறிச்சா?"

"மாறலை," என்றார் எட்வின்ராஜ், தலைவர் மிடுக்கோடு.

அண்டா தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். "தம்பி, கொஞ்சம் வால்யூமைக் குறை."

எட்வின்ராஜ் கிடாரைக் கழற்றித் தெய்வானையிடம் நீட்டினார்.

"என் வயரிங்லதான் ஏதோ கோளாறு போல. திறந்து பாரு. ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

"வண்டியில வச்சுத்தாண்ணே தள்ளிட்டு வந்தேன்."