மூடியம்மன்

ஒரு சிற்றூரின் கடைக்கோடியில் ஒரு தொட்டி இருந்தது. ஊரார் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் முதலில் அதற்குள்தான் வந்து விழும். தொட்டி சகதியைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு, நீரை மட்டும் அடுத்திருந்த ஜல்லிப் படுகைக்கு அனுப்பும். படுகையில் கல்வாழைகள் நின்றன. அவற்றின் வேர்களைக் கடந்து, நீர் தெளிந்து குட்டையில் இறங்கும். எருமைகள் அதைக் குடிக்கும்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கல்வாழையின் சிவப்புப் பூவைத்தான் பார்த்தார்கள். தொட்டி அதற்காக வருந்தியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூய்மைக் காவலர் ஒச்சம்மாள் கடப்பாரையால் மூடியை நெம்பித் திறப்பாள். நீளக் கழி கட்டிய வாளியால் சகதியை அள்ளித் தென்னைக்குப் போடுவாள். அந்த ஒரு நாளுக்காகத் தொட்டி மற்ற நாட்களைச் சுமந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு ஊராட்சி மோட்டாருக்கும் குப்பை வண்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். மிச்சத்தை ஒச்சம்மாள் மூடியில் வைத்தாள்.

"நீயுந்தானே உழைக்கிறே."

மறுவாரம், தொலைந்த ஆட்டைத் தேடி வந்த பேச்சியக்கா குங்குமத்தைப் பார்த்து நின்று கும்பிட்டாள். ஆடு கல்வாழைக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்தது. கார்த்திகையில் மூடிமேல் விளக்கு எரிந்தது. தையில் மஞ்சள் துணி சுற்றி, மூடியம்மன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

"உனக்கு வந்த வாழ்வைப் பாரேன்," என்றது கல்வாழை. "நான் பூக்கிறேன். பூஜை உனக்கு நடக்குது."

"எனக்கு வயிறு முட்டுது," என்றது தொட்டி.

பங்குனியில் ஒச்சம்மாள் கடப்பாரையோடு வந்தாள். பேச்சியக்கா ஓடிவந்து மறித்தாள்.

"அடியே, அம்மன் தலையிலயா கடப்பாரையைப் போடப்போறே?"

"உள்ளே இருக்கிறது சகதிக்கா. பொட்டு வெச்சவளே நான்தான்."

"வெச்சது உன் கை. வைக்கச் சொன்னது யாருன்னு நெனைக்கிறே?"

ஊராட்சிச் செயலர் தவசி வந்தார். இருவரையும் பார்த்தார். கூடிவிட்ட கூட்டத்தையும் பார்த்தார்.

"திருவிழா முடியட்டும்மா, பாத்துக்கலாம்."

ஒச்சம்மாள் கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பினாள். திருவிழா முடிந்தது. அடுத்த திருவிழாவும் வந்து போனது.

சகதி தொட்டியின் கழுத்துவரை ஏறியது. கலங்கல் ஜல்லிக்குள் நுழைந்தது.

"என்னத்தை அனுப்புறே?" என்று ஜல்லி இருமியது. "எனக்கு மூச்சுவிட இடமில்லை. இனிமே வர்றதை அப்படியே குட்டையிலதான் விடுவேன்."

"எருமைங்க வாய் வைக்குமே."

"வைக்கட்டும். நான் என்ன செய்ய?"

தொட்டி இரண்டு நாள் யோசித்தது. யோசிப்பதும் களைப்பாக இருந்தது. மூன்றாம் நாள், ஜல்லிக்குப் போகும் குழாயின் வாயில் தன் சகதியையெல்லாம் சாய்த்து அடைத்துக்கொண்டது.

வந்த நீர் முட்டி நின்றது. "வழியை விடு."

"வந்த வழியே போ."

"ஊருக்குள்ளேயா? என்னைத் திட்டித் தீத்துடுவாங்க."

"திட்டட்டும். கோவம் வந்தாத்தான் இங்கே வருவாங்க. வந்தாத்தான் திறப்பாங்க."

விடிந்தபோது குளியலறைகளில் கறுப்பு நீர் பொங்கியது. தவசி வீட்டு அடுப்படியில் கணுக்கால் அளவு நின்றது. சற்று நேரத்தில் தொட்டிக்குக் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் இருவரில்லை, ஊரே திரண்டு வந்தது. கூட்டத்துக்குப் பின்னால் எங்கோ கடப்பாரையை மண்ணில் ஊன்றும் சத்தமும் கேட்டது. தொட்டி தன் மூடியில் இரும்பு படுவதற்காகக் காத்திருந்தது.

"தாயே," என்றாள் பேச்சியக்கா. "நாங்க என்ன குத்தம் செஞ்சோம்?"

மூடியின்மேல் ஒவ்வொன்றாக நெற்றிகள் வந்து பட்டன.