கிழக்குப் பார்த்த வாசலோடு நேபாளம்

மஞ்சணத்திப்பட்டி மயிலேறும்பெருமாள் குடும்பத்தோடு நேபாளம் போகப்போகிறார் என்று பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டியபோது, அவரிடம் வண்டி கிடையாது. பேனரில் கூலிங் கிளாஸ் போட்டு நின்றார். பின்னால் பனிமலை. "சொந்த வீட்டோடு வெளிநாடு செல்லும் எங்கள் அண்ணனே!" என்று எழுதியிருந்தது. கீழே வாழ்த்துவோர் என்று வரிசையாக முகங்கள். அதில் பாதிப் பேருக்கு நேபாளத்தைத் தெரியாது; மீதிப் பேருக்கு அண்ணனைத் தெரியாது.

பந்தல், சாமியானா வாடகைக்கு விடுவது அவருடைய தொழில். கல்யாணமான புதிதில், "உன்னை ஊர் ஊராக் கூட்டிட்டுப் போவேன்" என்று மனைவி செண்பகவடிவிடம் சொல்லியிருந்தார். சொன்னபடியே கூட்டிக்கொண்டும் போனார். எந்த ஊரில் பந்தல் போட்டாலும் அந்த அம்மாளும் கூட வரும், பந்தியில் சாப்பிடும், பந்தலைப் பிரித்ததும் திரும்பி வரும். இப்படியே தலை நரைத்துவிட்டது. போன பொங்கலன்று செண்பகவடிவு அடுப்பை அணைத்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னது: "பந்தல் இல்லாத ஒரு ஊருக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

அம்மா வீடு அடுத்த தெரு. இருந்தாலும் மயிலேறும்பெருமாள் பயந்துவிட்டார். நேபாளத்தில் பந்தல் இருக்காது என்று முடிவு செய்தார்.

வீடாக மாற்றி ஓட்டிப்போக, சிற்றூர்களுக்கு ஓடி ஓய்ந்த மினி பஸ் ஒன்றை வாங்கினார்கள். சீட்டையெல்லாம் கழற்றினார்கள். கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் உள்ளே ஏறின. வேலையை முன்னின்று செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் செண்பகவடிவின் தம்பி குற்றாலிங்கம், அவன்தான் டிரைவர். இன்னொருவன் கடையில் சீரியல் லைட் கட்டுகிற மாடக்கண்ணு. யோசனை சொல்ல நாகர்கோவிலில் தேவசகாயம் அண்ணாச்சி இருந்தார். நேபாள எல்லை வரைக்கும் பல வருஷம் லாரி ஓட்டியவர். போனில் கேட்டால் ரத்தினச் சுருக்கமாகப் பதில் சொல்வார். அதுதான் வினையாகப் போயிற்று.

"ரொம்ப யோசிக்காதீங்க பெருமாள்," என்றார் முதல் நாள். "வீட்டுல என்னெல்லாம் இருக்கோ, அதெல்லாம் வண்டியிலயும் இருக்கணும். அவ்வளவுதான்."

மூன்று ஆண்களும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வாசலில் கதவு எண் இருந்தது, வண்டியிலும் அடித்தார்கள். காலிங் பெல் இருந்தது; அதையும் பொருத்தினார்கள். திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கியது. பம்பரில் ஒன்று தொங்கவிட்டார்கள். அப்போது மாடக்கண்ணு சுவரைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"முதலாளி, வீட்டுல பல்லி இருக்கு."

மூவரும் பல்லியைப் பார்த்தார்கள். பல்லியும் அவர்களைப் பார்த்தது.

"அண்ணாச்சி எல்லாம்னுதானே சொன்னாரு?" என்றான் குற்றாலிங்கம்.

"எல்லாம்னா எல்லாந்தான்," என்றார் மயிலேறும்பெருமாள்.

மத்தியானம் வரை பல்லி பிடித்தார்கள். அதன் வால் முதலில் கிடைத்தது, பல்லி பிறகு கிடைத்தது. இரண்டையும் வண்டிக்குள் விட்டார்கள்.

அடுத்த சிக்கல் பெரியது. வீட்டு மாடியில் ஒரு கணக்கு வாத்தியார் குடியிருந்தார். மயிலேறும்பெருமாள் மேலே போய், "சார், நீங்க நாளையிலருந்து பஸ்ஸுக்கு மேல குடியிருக்கணும்" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். வாத்தியார் கதவைச் சாத்திக்கொண்டார். வேறு வழியில்லாமல் வண்டியின் கூரையில் பாய் விரித்து, நாலு பக்கமும் கயிறு கட்டி, "மாடி வாடகைக்கு விடப்படும்" என்று போர்டு மாட்டினார்கள்.

எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு எடை மேடைக்குக் கொண்டுபோனார்கள். எடை எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. தேவசகாயம் அண்ணாச்சிக்குப் போன் போட்டார்கள்.

"கனமா இருக்கறதைக் கழட்டுங்க," என்றார் அவர்.

"இருக்கறதுலயே கனம் எது மாப்ளே?" என்று கேட்டார் மயிலேறும்பெருமாள்.

குற்றாலிங்கம் டிரைவர் என்பதால் பட்டென்று சொல்லிவிட்டான். "எஞ்சின்தான் அத்தான்."

நல்லவேளையாக அவர்களிடம் இருந்த ஸ்பேனர் ஒன்றும் அதில் சேரவில்லை. எஞ்சின் தப்பித்தது. மாடக்கண்ணு டயரை அமுக்கிப் பார்த்து, "உள்ள காத்தைத் திணிச்சு வச்சிருக்காங்க முதலாளி. இதுவும் நாமதானே சுமக்கணும்?" என்றான். காற்றைப் பிடுங்கினார்கள். வண்டி அப்படியே உட்கார்ந்துகொண்டது. "பாரம் குறைஞ்சதும் என்னமா ஓய்வெடுக்குது பாருங்க," என்று மூவரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அதன் பிறகு அது நகரமாட்டேன் என்றது. மறுபடி காற்றடித்தார்கள்.

கடைசியில் வழி சொன்னது செண்பகவடிவு. "சாமானையெல்லாம் கீழ எறக்கி வச்சுட்டு எடை போடுங்களேன்."

அப்படியே செய்தார்கள். எடை மளமளவென்று குறைந்தது. மேடைக்காரரே பாராட்டினார். சாமான்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வீடு வந்தார்கள். அதற்கப்புறம் அந்த வண்டியை எடை போடவேயில்லை. அதனால் எடை கூடவும் இல்லை.

பாஸ்போர்ட் விஷயமாகக் கேட்டபோது அண்ணாச்சி, "நேபாளத்துக்கு அதெல்லாம் வேண்டாம். ஓட்டுப் போடுற அடையாள அட்டை இருந்தாப் போதும்" என்றார்.

இது வீட்டில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

"அங்க போய் ஓட்டு யாருக்குப் போடுறது?" என்றார் மயிலேறும்பெருமாள்.

"நின்னவன் யாருன்னே தெரியாதே அத்தான்."

"இங்க மட்டும் தெரிஞ்சா போட்டோம்?" என்றது செண்பகவடிவு. "வீட்டுக்கு வந்து கும்பிடுறவனுக்குப் போடுவோம். இப்பத்தான் வீடு நம்ம கூடவே வருதே, வந்து கும்பிடட்டும்."

அது நியாயமாகப் பட்டது. வருகிற வேட்பாளர் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் வண்டியில் ஏறின.

கிளம்புவதற்கு முந்தின நாள் அண்ணாச்சியே போன் செய்து ஒரு விஷயம் சொன்னார். "நேபாளத்துல நேரம் நம்மளவிடக் கால் மணி கூட. கடியாரத்தைக் கால் மணி நேரம் முன்னாடி வச்சுக்கிடுங்க. மறந்துராதீங்க."

கடிகாரத்தைக் கொண்டுபோய் டிரைவர் சீட்டுக்கு முன்னால் வைத்துப் பார்த்தார்கள். கால் மணி நேரத் தூரம் வரவில்லை. பானட்டில் கட்டினார்கள். அதுவும் போதவில்லை. மாடக்கண்ணு கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தான். பிறகு, "நான் மொபெட்டுல கடியாரத்தை வச்சுக்கிட்டுக் கால் மணி முன்னாடியே போயிடுறேன் முதலாளி. நீங்க பின்னால வாங்க" என்றான்.

"காட்மாண்டு வரைக்கும் மொபெட்டுலயா? முதுகு வலிக்காதா?"

"நீங்க வந்து சேர்றதுக்குக் கால் மணி முன்னாடியே நான் போயிருவேனே. அந்த நேரத்துல படுத்துக்கிடுவேன்."

இதற்கிடையில் பேனரில் போட்ட தேதி வந்துபோய்விட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதை எழுதியவர்களும் பார்க்கவில்லை.

இனிக் கிளம்ப வேண்டியதுதான் என்று இருந்தபோது, கூரையில் மாட்டிய போர்டைப் பார்த்து ஒரு ஆள் வந்தார். மாடியைக் கீழே நின்றே பார்த்தார். காற்றோட்டம் திருப்தியாக இருந்ததுபோல. கடைசியாக, "வாசல் எந்தத் திசையைப் பார்த்தது?" என்று கேட்டார்.

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. வண்டிக்குக் கதவு இடது பக்கம். நேபாளமோ வடக்கே. குற்றாலிங்கம் கையை ஆட்டி ஆட்டிக் கணக்குப் போட்டான். அவன் முகம் வாடிப்போயிற்று.

"வடக்க பார்த்து ஓட்டுனா வாசல் மேற்க பார்க்குது அக்கா."

செண்பகவடிவு கட்டிலில் உட்கார்ந்துவிட்டது. "மேற்குப் பார்த்த வாசல்ல நான் குடித்தனம் பண்ண மாட்டேன். எனக்கு நேபாளமும் வேண்டாம், பனியும் வேண்டாம்." அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து வாய்த்த பயணம் ஒரு கதவினால் போகிறதே என்று மயிலேறும்பெருமாளும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேனர் வேறு கட்டியாகிவிட்டது. வாடகைக்கு வந்தவர் மெதுவாக நழுவினார்.

"கதவை வலது பக்கம் மாத்துவோமா?" என்றார் மயிலேறும்பெருமாள்.

"கதவை மாத்த முடியாது அத்தான். ஆனா வண்டியை மாத்தலாம்," என்றான் குற்றாலிங்கம். "வண்டி தெற்க பார்த்து நிக்கட்டும். அப்ப வாசல் கிழக்க வந்துருது. நான் ரிவர்ஸ்லயே வடக்க ஓட்டிருதேன்."

செண்பகவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டது. "நேபாளம் வரைக்கும் முடியுமாடா?"

"கழுத்துதான் வலிக்கும். பாதியில நீ கொஞ்சம் பிடிச்சு விடு."

மறுநாள் காலை ஊரே திரண்டுவிட்டது. வார்டு கவுன்சிலர் கொடியசைக்க வந்தார். கிளம்பும் முன்னால் நேபாள உறவு பற்றி நெடுநேரம் பேசினார். அதை அவர் பூட்டான் என்றே சொன்னார். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். மாடக்கண்ணு கடிகாரத்தை மடியில் கட்டிக்கொண்டு மொபெட்டில் முதலில் போனான். கால் மணி கழித்துக் கொடி அசைந்தது. வண்டி பின்னால் நகர்ந்தது.

இதில் ஒரு வசதி இருந்தது. வழியனுப்ப வந்தவர்கள் முகத்துக்கு நேரே நின்றார்கள். பார்த்துக் கையசைத்துக்கொண்டே போகலாம். "வெளிநாடு போறவன் முதுகைக் காட்டிட்டுப் போறதுதான் வழக்கம். நாம மரியாதையா முகம் பார்த்துப் போறோம்," என்றார் மயிலேறும்பெருமாள் பெருமையாக.

பைபாஸ் ரோட்டில் ஏறியதும் ஒரு போலீஸ்காரர் குறுக்கே பாய்ந்து வண்டியை நிறுத்தினார். கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளிருந்து செண்பகவடிவு.

"போலீஸ்!"

"பெல் இருக்குல்லா, அடிங்க."

போலீஸ்காரர் என்ன நினைத்தாரோ, பெல்லை அடித்தார். கதவு திறந்தது. "உள்ள வாங்க, காபி சாப்பிடுதியளா?" என்று கேட்டது அந்த அம்மாள்.

"எதுக்கும்மா ரிவர்ஸ்ல வர்றீங்க?"

"வாசல் கிழக்க பார்த்து இருக்கணும்லா சார்," என்றார் மயிலேறும்பெருமாள்.

"நீங்க வீட்டைச் சொல்றீங்களா, வண்டியைச் சொல்றீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

போலீஸ்காரர் கதவு எண்ணைப் பார்த்தார். மாடி வாடகைக்கு என்ற போர்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "இங்க பாருங்க. எனக்கு ஒண்ணும் விளங்க வேண்டாம். வண்டி மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கோ, அந்தப் பக்கமாப் போங்க. அதான் சட்டம்."

வண்டியின் மூஞ்சி தெற்கே இருந்தது.

மாடக்கண்ணுவுக்குப் போன் போட்டு வரச் சொன்னார்கள். அவன் வந்து சேரக் கால் மணி ஆயிற்று. அவனைத் தெற்கே அனுப்பிவிட்டு இன்னொரு கால் மணி காத்திருந்தார்கள். போகிறபோது அவன் அவர்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டுத்தான் போனான். "உலகம் உருண்டைதானே முதலாளி. தெற்க போனாலும் நேபாளம் வராமலா போயிரும்? கொஞ்சம் சுத்து, அவ்வளவுதான். வாசல் கிழக்க, மூஞ்சி முன்னால. இதைவிட என்ன வேணும்?"

வழி சுகமாக இருந்தது. செண்பகவடிவு வாசல் பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. எங்கேயும் ஒரு பந்தல் கண்ணில் படவில்லை. அந்த முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து மயிலேறும்பெருமாள் இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்கு முன்பே ரோடு முடிந்துவிட்டது. அங்கே மாடக்கண்ணு மொபெட்டை ஸ்டாண்ட் போட்டு நின்றிருந்தான். "கால் மணியா நிக்கேன் முதலாளி. தண்ணியா இருக்கு."

கன்னியாகுமரிக் கடல் எதிரே விரிந்து கிடந்தது. செண்பகவடிவு அதுவரை கடலைப் பார்த்ததேயில்லை. "ஆத்தாடி," என்றது.

மயிலேறும்பெருமாள் தேவசகாயம் அண்ணாச்சிக்குப் போன் போட்டார். பேனர் தேதியிலேயே இவர்கள் கிளம்பிவிட்டதாக நினைத்திருந்த அண்ணாச்சி, இந்நேரம் பீகாரில் இருப்பார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, ரோடு முடிஞ்சுபோச்சு. எதிர்ல ஒரே தண்ணி."

"வெள்ளமா இருக்கும். அந்தப் பக்கம் அப்படித்தான். பதறாதீங்க," என்றார் அண்ணாச்சி நிதானமாக. "வண்டியை ஓரங்கட்டுங்க. தண்ணி வத்துனதும் ஃபர்ஸ்ட் கியர்ல மெதுவாப் போங்க."

ஓரங்கட்டினார்கள். தண்ணீர் வற்றுவதாகத் தெரியவில்லை. கொஞ்சம் பின்வாங்கும், குற்றாலிங்கம் ஓடிப்போய் ஸ்டார்ட் பண்ணுவான், திரும்ப வந்துவிடும்.

"நாமளும் கொஞ்சம் கை கொடுத்தாத்தான் ஆகும்," என்றது செண்பகவடிவு, குடத்தை எடுத்துக்கொண்டு. மற்ற மூவரும் ஆளுக்கொரு பக்கெட்டோடு இறங்கினார்கள். கடல் தண்ணீரை மொண்டு மொண்டு வண்டியின் டேங்கை நிரப்பினார்கள். டேங்க் நிறைந்துவிட்டது. அங்கேதான் சிக்கல் வந்தது.

"இதை எங்க கொட்டுறது அத்தான்? எங்க கொட்டுனாலும் திரும்பக் கடலுக்குத்தானே ஓடும்?"

பக்கத்தில் ஒரு வழிகாட்டி வடநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கையை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார். மாடக்கண்ணு அவரிடம் போய் விசாரித்துவிட்டு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"முதலாளி, இது ஒரு கடல் இல்லையாம், மூணாம்! நமக்கு நேரா இருக்கறது இந்தியப் பெருங்கடல். நாம வத்த வைக்க வேண்டியது இதைத்தான். அந்தா, இடது பக்கம் இருக்கறது வங்கக்கடல். அது வேற கடல். நம்ம வழியிலயே வரல."

மயிலேறும்பெருமாள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வண்டியை இடது பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். குற்றாலிங்கம் டேங்கின் குழாயை முழுக்கத் திறந்துவிட்டான். தண்ணீர் கொட கொடவென்று வங்கக்கடலில் விழுந்தது.

செண்பகவடிவு கவலையோடு கரையைப் பார்த்தது.

"மெதுவாத் திறடா! அந்தக் கடல் நெறைஞ்சு ஊருக்குள்ள வந்துறப்போகுது."