தலைகீழாய் வந்த ஆப்பிள் பலகாரம்

பூங்குளத்து ராஜா பொறையப்பருக்கு ராஜ்யம் சின்னது, நாக்கு பெரிது. புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு வியாபாரி வீட்டில் ஆப்பிள் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வந்தார். அன்று முதல் அதிரசம் கசந்தது, அல்வா புளித்தது.

“அம்பலவாணா, அதை நம் மடைப்பள்ளியிலேயே செய்தாக வேண்டும். நீதான் பொறுப்பு” என்றார் தம் சபை விகடகவியிடம்.

செய்முறையோடு வியாபாரி கொடுத்தனுப்பிய எட்டு ஆப்பிள்தான் கையிருப்பு. கெட்டுப்போனால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும்.

பிரதானி மாசிலாமணி முன்னால் வந்தார். அம்பலவாணனின் சபை ஆசனத்தைத் தம் மருமகனுக்கு வாங்கித் தர அவருக்கு நெடுநாள் ஆசை.

“பலகாரம் சரியாக வராவிட்டால் ஆசனத்தை விட்டுவிடுவீரா?”

“விடுகிறேன்” என்று சொல்லிவிட்டான் அம்பலவாணன்.

மடைப்பள்ளிக்குப் போன பிறகுதான் வினை தெரிந்தது. சமையற்காரர் காளத்தி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“சர்க்கரையும் வெண்ணெயும் சட்டியில் பொன்னிறமாகக் காய்ச்சணும், சாமி. அதில் ஆப்பிளை அடுக்கி, மேலே மாவைப் போர்த்தி, மேலும் கீழும் தணல் போட்டுச் சுடணும். வெந்ததும் சூட்டோடு தட்டில் கவிழ்க்கணும். ஆறினால் பாகு இறுகிச் சட்டியைப் பிடித்துக்கொள்ளும்.”

“இங்கேயே கவிழ்த்துக் கொடும்.”

“எப்படி? விஷ பயத்துக்காக, அடுப்பிலிருந்து இறக்கியதுமே சட்டியை மூடி முத்திரை வைக்கிறார்களே! அதை ராஜா முன்னால்தான் உடைக்கணும். ராஜா முன்னால் பாத்திரத்தைக் கவிழ்த்தால் அபசகுனம். கவிழ்த்தவன் மறுபடி சபைக்குள் கால் வைக்க முடியாது. பிரதானி காலையிலேயே வந்து செய்முறையைக் கேட்டுக்கொண்டு போனார், சாமி.”

அம்பலவாணன் மோவாயைத் தடவினான். “நீர் பலகாரத்தைச் சுடும். சட்டி சூடாக வரட்டும்.”

சபையில் முத்திரை உடைந்தது. பார்த்தால் வெறும் பழுப்பு ரொட்டி. ராஜாவின் முகம் சுருங்கியது.

“முதல் விள்ளலைப் பிரதானி ருசி பார்ப்பதுதானே முறை?” என்றான் அம்பலவாணன்.

பிரதானி ஆவலாய் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். “சீ! காய்ந்த ரொட்டி! இதற்கா எட்டு ஆப்பிள்?”

“ஆப்பிள் உள்ளேதான் இருக்கிறது, ஐயா.”

“அடியில் கிடந்து என்ன பயன்? மேலே இருக்க வேண்டிய பழம் கீழே, கீழே இருக்க வேண்டிய ரொட்டி மேலே! அரசே, பலகாரம் தலைகீழாக இருக்கிறது!”

அம்பலவாணன் பதறினான். “ஐயையோ! தலைகீழான பொருள் தங்கள் முன் இருக்கலாமா, அரசே? அபசகுனமாயிற்றே!”

“கூடாது, கூடாது! உடனே நேராக்கு!” என்றார் ராஜா.

அதற்குத்தான் காத்திருந்தான். சட்டியின் வாயில் தட்டை வைத்தான், துணியால் பிடித்தான், ஒரே புரட்டு. சட்டியை எடுத்ததும் ஆப்பிள் துண்டுகள் தேன் நிறத்தில் பளபளத்தன. சபை முழுக்க மணம்.

“கவிழ்த்துவிட்டான்! அரசே, கவிழ்த்துவிட்டான்!” என்று கத்தினார் பிரதானி.

“தலைகீழாக இருக்கிறது என்றவர் தாங்கள். நேராக்கு என்றவர் அரசர். நான் கைதான் கொடுத்தேன்.”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் கைக் கடகத்தைக் கழற்றி அம்பலவாணனுக்கு மாட்டினார். பெரிய துண்டாகப் பார்த்துப் பிரதானிக்கும் கொடுக்கச் சொன்னார்.

“என்ன பிரதானி, ஆசனம் அம்பலவாணனுக்கே இருக்கட்டுமா? மறுப்பு உண்டா?”

பிரதானி வாயைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. பாகு பல்லோடு பல்லை ஒட்டிவிட்டிருந்தது.

“மறுப்பில்லையாம், அரசே” என்றான் அம்பலவாணன்.