சிங்கப்பூருக்கு நடந்த எறும்பு

ஒரு ஊர்ல ஒரு எறும்பு இருந்துச்சாம். பேரு பூவாயி. அவ வீட்டுக்காரர் சீனிச்சாமி. ரெண்டு பேருக்கும் குடித்தனம் எங்க தெரியுமா? மணப்பாறையில, தவமணி அக்கா வீட்டு அடுப்படியில. ம் கொட்டு... ஆங்.

தவமணி அக்காவோட மக சிங்கப்பூர்ல மாசமா இருந்தா. அவளுக்குக் கொண்டுபோகணும்னு அக்கா ஒரு டப்பா நெறைய முறுக்கு அடுக்குனா. நம்ம சீனிச்சாமி சும்மா இருப்பாரா? "ஒரே ஒரு கடி, இதோ வந்துடுறேன்"னு உள்ள போனாரு. டப்புனு மூடி விழுந்துச்சு. சர்ர்ருனு டேப்பு சுத்தியாச்சு.

அப்புறம் பூவாயி டப்பாவச் சுத்திச் சுத்தி ஓடுறா. "ஏங்க, கேக்குதா?"

உள்ளேருந்து, "கேக்குது. முறுக்கு நல்லாருக்கு."

அப்போ டப்பா பெட்டிக்குள்ள போயிடுச்சு. இவ என்ன பண்ணுவா? அக்கா தலையில வச்சிருந்த மல்லிப்பூவுக்குள்ள ஏறி ஒளிஞ்சுக்கிட்டா. டப்பாவத் திறக்குறப்போ தான் பக்கத்துல இல்லேன்னா, அந்த மனுசன் முறுக்கோட முறுக்கா யார் வாயிக்குள்ளயாவது போயிடுவாருன்னு அவளுக்குப் பயம்.

ங்ங்ஙொய்ய்னு விமானம் கெளம்புச்சு. திருச்சியிலேருந்து சிங்கப்பூர் கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டராம், நாலு மணி நேரமாம். எறும்புக்கு அதெல்லாம் என்ன தெரியும்? பூவுக்குள்ளேருந்து எட்டிப் பார்த்தா, சீட்டுக்கு முன்னாடி ஒரு குட்டி டிவி. அதுல நீலமாக் கடல். "இந்தப் புள்ளி திருச்சி, அந்தப் புள்ளி சிங்கப்பூர்"னு பக்கத்து சீட்டுக்காரர் விரல் வச்சு அக்காவுக்குக் காட்டுறாரு. நடுவுல ஒரு விமானம், எறும்பு அளவுக்கு. நகருதா நகரலையான்னே தெரியல.

"இதுக்கா இவ்வளவு சத்தம்? நான் நடந்தே போயிடுவேன்"னு பூவாயி பூவ விட்டு அந்தக் குட்டி டிவி மேல இறங்கிட்டா. குடுகுடுகுடுன்னு கடல் மேல ஓடி, விமானத்தத் தாண்டி, சிங்கப்பூர் புள்ளியில போய் நின்னா. "ஏங்க?" பதிலே இல்ல.

வேகமா வந்ததுல ஊரு மாறிடுச்சோன்னு சந்தேகம். திரும்பிப் போய், மெதுமெதுவா நடந்து வந்தா. "ஏங்க?" அப்பவும் இல்ல. தூங்கிட்டியா? ...ம்.

மூணாந்தடவ அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. முன்னாடி ஓடிப் போனா ஊரு இருக்கு, ஆளு இல்லையே. சரின்னு அந்தக் குட்டி விமானத்துப் பக்கத்துலயே போய் நின்னுக்கிட்டா. அது நகந்தா இவளும் நகருவா, அது நின்னா இவளும் நிப்பா. அக்கா கொர்ர், கொர்ர்னு குறட்டை. ரெண்டும் ஒண்ணா அந்தப் புள்ளியத் தொட்டுச்சு பாரு, தடதடதடன்னு சக்கரம் தரையில இறங்குச்சு.

அப்புறம் ஓடிப்போய்ப் பூவுக்குள்ள ஏறிட்டா. மக வீட்டுல டேப்பைப் பிரிச்சு மூடியத் திறந்தா, மொத ஆளா டப்பா விளிம்புல பூவாயி. சீனிச்சாமி கண்ணக் கசக்கிட்டு எந்திரிச்சாரு.

"எந்த ஊருடி இது?"

"சிங்கப்பூர்."

"அடேயப்பா. ரொம்ப தூரமோ?"

"நடந்தவளக் கேளுங்க, மூணு தடவ. நீங்கதான் ஒரே தூக்கத்துல வந்துட்டீங்க."

எறும்பும் வந்து சேர்ந்துச்சு, கதையும் வந்து சேர்ந்துச்சு. நீயும் ஒரே தூக்கத்துல காலையில போய் இறங்கு, கண்ண மூடு.